கிணற்று மட்டமும் ஊராட்சிப் பணமும்



தமிழ்நாட்டின் பரமத்தி வேலூர் வட்டத்தில் நிலத்தடி நீர் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. ஜேடர்பாளையம் படுகை அணையில் காவிரியிலிருந்து பிரியும் ராஜவாய்க்கால் பாசனத்தில், வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் நிற்கும் தோட்டங்களில், வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கசிவே கிணற்றை நிரப்புகிறது. வாய்க்கால் எட்டாத மேட்டுக்காட்டில் மரவள்ளிக்கும் சோளத்துக்கும் மழையை விட்டால் பாறை வெடிப்பில் தங்கிய நீர்தான். ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை பெறும் மாவட்டம் இது. அதிலும் பெரும்பகுதி ஆவியாகவும் ஓடையாகவும் போய்விடும்.

பாறை நிலத்தின் கணக்கைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். ஆற்று மணலைப் போலக் கடும்பாறை நீரைப் பிடித்து வைக்காது. சிதைந்த பாறை அடுக்கு, தன் கன அளவில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு நீரையே விட்டுக்கொடுக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஹெக்டேரில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கியதற்குப் பொருள் இரண்டு லட்சம் லிட்டர் குறைந்தது என்பதுதான். அதே கணக்கில், வெறும் 20 மில்லிமீட்டர் மழைநீர் உள்ளே இறங்கினால் மட்டம் ஒரு மீட்டர் ஏறிவிடும். மேட்டுக்காட்டுக் கிணறு ஐப்பசியில் ததும்புவதும் மாசியில் அடி தெரிவதும் இதனால்தான். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அந்தக் கிணற்றைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது.

2020ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அரசு நிலத்தடி நீரை எடைபோட்ட அலகு, தமிழ்நாட்டில் குறுவட்டம், அதாவது பிர்க்கா. ஓராண்டில் எடுக்கத்தக்க நீரில் எத்தனை விழுக்காடு எடுக்கப்படுகிறது என்று பார்த்து, 70 வரை பாதுகாப்பானது, 90 வரை மித அபாயம், 100 வரை அபாயம், அதற்கு மேல் அதிநுகர்வு என்று வகைப்படுத்துகிறார்கள். அந்த மதிப்பீட்டில் மாநிலத்தின் 1,166 குறுவட்டங்களில் 435 அதிநுகர்வு வகையில் இருந்தன. பாதுகாப்பானவை 409. இந்த முறையில் ஒரு குறை உண்டு. வாய்க்கால் ஓரமும் மேட்டுக்காடும் ஒரே அலகுக்குள் வந்தால் சராசரி இரண்டையும் மறைத்துவிடும். நிரம்பிய கிணற்றின் பெயரால் வறண்ட கிணறு பாதுகாப்பானதாகிவிடும். ஊருக்குள்ளேயே அளப்பதன் தேவை இங்கே தொடங்குகிறது.

எவ்வளவு நீர் எடுக்கப்படுகிறது என்பதற்கும் நேரடிச் சான்று குறைவு. விவசாய மின்சாரம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இலவசம். பெரும்பாலான இணைப்புகளுக்கு மீட்டர் கிடையாது. ஆக, மிஞ்சும் சாட்சி நீர்மட்டம் ஒன்றே.

இனிப் பணம். மத்திய அரசு 2019 டிசம்பரில் தொடங்கிய அடல் பூஜல் திட்டத்தின் மதிப்பு 6,000 கோடி ரூபாய். பாதி உலக வங்கிக் கடன். நீர்மட்ட விவரத்தை ஊரறிய வெளியிடுவது, ஊராட்சி தன் நீர்ப் பாதுகாப்புத் திட்டத்தைத் தானே வகுப்பது, மட்டம் சரியும் வேகம் குறைவது போன்ற பலன்கள் காட்டியபின் ஊக்கத்தொகை தரும் நல்ல ஏற்பாடாக அது வகுக்கப்பட்டது. குஜராத், அரியானா, கர்நாடகம், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய ஏழு மாநிலங்களுக்காக அது தொடங்கப்பட்டது. தமிழ்நாடு அதில் சேர்க்கப்படவில்லை.

ஆயினும் வேறு பெயர்களில் பணம் வந்திருக்கிறது. பதினைந்தாம் நிதிக்குழு 2021 முதல் 2026 வரை நாட்டின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அந்த மானியமாக ஊராட்சிக்கு வந்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் முப்பது, குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றுக்கென்றே கட்டப்பட்டது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த நூறு நாள் வேலையில் பண்ணைக்குட்டைகள் வெட்டப்பட்டன, தடுப்பணைகள் கட்டப்பட்டன. சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் உண்டு. அளவீட்டுக்கென்றே வந்தது தேசிய நீரியல் திட்டம். 2016இல் ஏறத்தாழ 3,680 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற அதில் தானியங்கி நீர்மட்டப் பதிவுக் கருவிகளுக்கும் இடமிருந்தது.

பணம் வரும் வழிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. வெட்டவும் கட்டவும் பல வழிகள். அளக்க மிகச் சில. தடுப்பணை திறப்பு விழாவோடு கணக்கு முடிந்துவிடுகிறது. அதன் கீழ்ப்புறக் கிணறு ஏறியதா என்று பார்ப்பது யார் வேலையும் அல்ல. வண்டல் சேர்ந்து அடைபட்ட தடுப்பணை நீரை உள்ளே இறக்காது. அளவு எடுக்காதவரை அது தெரியவும் தெரியாது.

பிரிவதற்கு முந்தைய ஆந்திரத்தில் நெதர்லாந்து அரசின் உதவியோடும், பின்னர் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடும் நடந்த ஒரு திட்டம் இந்த வரிசையைத் தலைகீழாக்கி அளப்பதை முன்னே வைத்தது. ஏழு வறட்சி மாவட்டங்களில் அறுநூறுக்கும் மேற்பட்ட ஊர்களில், விவசாயிகளுக்கு மானியம் தராமல் நீர்மட்டம் அளக்கும் கருவியும் மழைமானியும் பயிற்சியும் தந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவர்களே கிணற்றை அளந்தார்கள். ராபி எனும் குளிர்காலப் பருவத்துக்கு முன் ஊர் கூடி, இருக்கும் நீர் எவ்வளவு, நினைத்த பயிருக்கு வேண்டியது எவ்வளவு என்று சுவரில் எழுதிக் கூட்டிப் பார்த்தார்கள். எதைப் பயிரிடுவது என்பது அவரவர் முடிவு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் வேறு வழியில் போனது. 2014இல் இயற்றிய சட்டத்தின்படி அங்கே வட்டாரந்தோறும் நிலத்தடி நீர் முகமைகள் அமைந்தன. மக்கள் வாக்களித்து ஒப்புதல் தந்த கடன்பத்திரப் பணத்திலிருந்து அவற்றின் திட்டங்களுக்கு மானியம் போனது.

பரமத்தி வேலூர் வட்டத்தின் ஊராட்சி ஒன்று தன் கிணறுகளைத் தானே அளக்கத் தொடங்க, வாய்க்கால் பக்கம் இரண்டு, மேட்டுக்காட்டில் மூன்று என ஐந்து கிணறுகள் போதும். கைப்பிடிச் சுவரில் பெயிண்டால் ஒரு குறி. எப்போதும் அந்த இடத்திலிருந்தே நாடா இறங்க வேண்டும். மோட்டார் ஓடிய கிணறு பொய் சொல்லும் என்பதால் மாதம் ஒருமுறை விடியற்காலையில், மோட்டார் போடுவதற்கு முன் அளக்க வேண்டும். சுவரின் உயரத்தைக் கழித்து, தேதியும் மழையளவும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதினால் ஒரு மாதப் பதிவு முடிந்தது.

உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களில் ஒன்று. ஐந்து கிணறுகளின் ஓராண்டுக் கணக்கு அன்று வாசிக்கப்பட்டால், எந்த ஓடையில் அடுத்த தடுப்பணை, எந்தப் பழைய தடுப்பணையில் வண்டல் அள்ளுவது என்ற தீர்மானத்துக்கு எண் துணை இருக்கும். அந்தத் தீர்மானத்தின் நகலோடு நோட்டின் நகலும் ஒன்றிய அலுவலகத்துக்குப் போகலாம்.