பழைய பிளக்கைப் பார்க்காமல் எறியாதே

சிரஞ்சீவி சேதுராமனுக்கு மாமா எழுதிக்கொண்டது.

உன் கடிதம் கிடைத்தது. கோயம்புத்தூரில் நீ வாங்கியிருக்கும் பழைய மாருதி 800 காலை வேளையில் கிளம்ப அடம் பிடிக்கிறது என்றும், மேட்டில் ஏறும்போது இடையிடையே மிஸ்ஸிங் அடித்து இழுவை குறைகிறது என்றும், ஒர்க்‌ஷாப்பில் காட்டியதில் பிளக்குகளை மாற்றிவிடச் சொன்னார்கள் என்றும், அந்தக் காரியத்தை நாமே வீட்டு வாசலில் செய்துகொண்டால் என்ன என்று உனக்குத் தோன்றுகிறது என்றும் எழுதியிருந்தாய். தாராளமாகச் செய். ஆனால் கூலி மிச்சமாகும் என்று நீ சொல்லும் காரணம் எனக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை. மூன்று பிளக்கை மாற்றுவதற்காக எந்த மெக்கானிக்கும் உன் சொத்தை எழுதி வாங்கிவிடப் போவதில்லை. அதைவிட மேலான காரணம் ஒன்று இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் கழற்றுகிற பிளக்குகள், நீ ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் பழைய இரும்புக் கூடையில் போய் விழுந்துவிடும். இத்தனை காலமும் எஞ்சினுக்குள்ளே என்ன நடந்தது என்பதற்கு இருந்த சாட்சியம் அத்துடன் தொலைந்துபோகும். அதை வெளிச்சத்தில் பிடித்துச் சாவகாசமாகப் பார்க்கும் பாக்கியம் வீட்டில் செய்கிறவனுக்குத்தான் வாய்க்கிறது.

பிளக் செய்கிற வேலையை முதலில் மனசில் வாங்கிக்கொள். 1860-இல் லெனுவார் என்கிற எஞ்சினியர் பாரிஸில் வாயு எஞ்சின் ஒன்றைச் செய்தபோதே மின்பொறியால் எரியூட்டும் யுக்தி தோன்றிவிட்டது என்றாலும், 1902-இல் ஜெர்மனியில் பாஷ் கம்பெனியைச் சேர்ந்த ஹோனோல்ட் என்பவர் உயர் அழுத்த மாக்னெட்டோவை அமைத்த பிறகுதான் அது மோட்டார் வண்டிகளுக்கு நம்பகமான சாதனமாயிற்று. உன் வண்டியில் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவை மூன்று சிலிண்டர்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு பிளக்கும் அதே நிமிஷத்தில் 1,500 தடவை பொறி விடவேண்டும். பொறி தாண்டுகிற இடைவெளியோ ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் அதைத் தாண்டப் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் தேவைப்படுகிறது. நாளாக ஆக மின்முனைகள் தேய்ந்து இடைவெளி அகன்றுகொண்டே போகும். அகல அகல, தாண்டுவதற்கு வேண்டிய வோல்ட்டும் ஏறும். ஸ்டார்ட்டர் மோட்டாரே பேட்டரியின் பெரும்பகுதிச் சக்தியைக் குடித்துவிடுகிற காலை வேளையிலும், சிலிண்டருக்குள் அழுத்தம் மிகுந்து பொறி தாண்டுவது மேலும் கடினமாகிற மேட்டுச் சாலையிலும் உன் வண்டி தடுமாறுவதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். கழற்றிப் பாராமல் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கை வை. ராத்திரி நிறுத்திய வண்டியை மறுநாள் காலை கிளப்புவதற்கு முன் தொடுவது உத்தமம். பிளக் பொருந்துகிற சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. பிளக்கின் உடம்போ எஃகு. சூட்டோடு சூடாகத் திருகினால் மரை பிய்ந்துகொண்டு வரும் அபாயம் இருக்கிறது. மரை போன ஹெட்டுக்கு ஹெலிகாயில் என்கிற மரைச் சுருள் போட நேர்ந்தால், நீ மிச்சம் பிடித்த கூலி பல மடங்காகத் திரும்பிப் போய்விடும். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் கழற்றி வை. பிளக்கைச் சுற்றிப் பள்ளத்தில் தேங்கியிருக்கும் மண்ணையும் தூசியையும் சைக்கிள் பம்பினால் ஊதித் தள்ளு. இதைச் செய்யாமல் கழற்றுகிறவன் அந்த மண்ணை நேராகச் சிலிண்டருக்குள் கொட்டுகிறான். ஒயரைப் பிடித்து இழுக்காதே. அதன் அடியிலுள்ள ரப்பர் தொப்பியைப் பிடித்து, சற்றே இப்படியும் அப்படியும் திருகி மேலே எடு.

மூன்று ஒயரையும் ஒரே மூச்சில் பிடுங்கிப் போட்டுவிட்டு, எது எதற்கு என்று பிறகு ஆராய்ச்சி செய்துகொண்டு உட்காராதே. உன் எஞ்சினில் பொறி விழும் கிரமம் 1-3-2. ஒயர் மாறினால் வண்டி கிளம்பாது, கிளம்பினாலும் இருமும். ஒன்றைக் கழற்றிப் புதியதை மாட்டி ஒயரைச் சொருகிவிட்டு அடுத்ததற்குப் போவதே சரி. பிளக் ஸ்பானரில் உள்ளே ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. பீங்கானை விரிசல் விடாமல் அதுதான் பிடித்துக்கொள்ளும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வெள்ளைக் காகிதத்தில் 1, 2, 3 என்று எழுதி, கழற்றிய பிளக்குகளை அந்தந்த எண்ணின் மேல் வை; டைமிங் பெல்ட் பக்கம் இருப்பது முதலாவது. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தே நோயை அனுமானிக்கிற வைத்தியர் போல, பிளக்கின் நுனி நிறத்தைக் கொண்டு எஞ்சினின் தேக நிலையைச் சொல்லிவிடலாம். பீங்கான் நுனி வெளிர் பழுப்பாகவோ சாம்பல் கலந்த மண்நிறமாகவோ இருந்து, மின்முனை மட்டும் முனை மழுங்கி உருண்டிருந்தால் எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கிறது, பிளக்குக்கு வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று அர்த்தம். காய்ந்த கரி மைபோல் படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகவும் காற்றுக் குறைவாகவும் எரிந்திருக்கிறது. ஈரமாகக் கறுத்து எண்ணெய்ப் பிசுக்குடன் இருந்தால் பிஸ்டன் ரிங்கையோ வால்வ் கைடையோ தாண்டி ஆயில் உள்ளே இறங்குகிறது. எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் பெட்ரோல் வாடை மட்டும் அடித்தால் அங்கே பொறியே விழவில்லை. பீங்கான் சுண்ணாம்பாக வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால்தான் உண்மையில் பயப்படவேண்டும்; அந்தச் சிலிண்டர் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது.

இவற்றைவிட நுட்பமானது மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பது. அவசரக்காரர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவதும் இதைத்தான். கார்பரேட்டர் ஒன்று, ஏர் ஃபில்டர் ஒன்று, சோக் ஒன்று. இவற்றில் கோளாறு இருந்தால் அது மூன்று சிலிண்டருக்கும் பொதுவாகவே பரவும். ஆகவே மூன்றும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பார். அடைத்திருந்தால் அதை மாற்று. ஒன்று மட்டும் கறுத்து மற்ற இரண்டும் பழுப்பாக இருக்கிறதென்றால் கார்பரேட்டரை நொந்து பயனில்லை. அந்த ஒரு சிலிண்டரின் ஒயரோ, வால்வோ, ரிங்கோதான் குற்றவாளி. அப்படிப்பட்ட வண்டியில் புதுப் பிளக்கைப் போட்டால் சில வாரம் நன்றாகவே ஓடும்; ஓடுவதுதான் ஆபத்து, ஏனெனில் நோய் உள்ளே இருக்க, அடையாளம் மாத்திரம் மறைந்துபோகும்.

கரி பிடித்த பழைய பிளக்கை உப்புத்தாளால் தேய்த்து மறுபடியும் போடலாமே என்று யோசனை சொல்ல யாராவது வருவார்கள். கேட்காதே. உப்புத்தாளின் துகள் பீங்கான் இடுக்கில் தங்கிப் பின்பு சிலிண்டரில் விழும். கம்பிப் பிரஷ்ஷோ பீங்கானில் உலோகக் கோடுகளை விட்டுவிட்டு மின்சாரத்துக்குக் குறுக்கு வழி அமைத்துக் கொடுக்கும்.

புதிய பிளக் வாங்கும்போது வண்டியின் கைப்புத்தகமே பிரமாணம். நம் பக்கத்துக் கடைகளில் எந்தப் பிளக்கையும் "மைக்கோ பிளக்" என்று கேட்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. 1951-இல் தோன்றிய மைக்கோ 2008-இல் பாஷ் என்றே பெயர் மாற்றிக்கொண்டது. அப்படிக் கேட்பதில் தவறில்லை. எண் விஷயத்தில்தான் ஜாக்கிரதை வேண்டும். பிளக்கின் உஷ்ண சுபாவத்தைக் குறிக்கும் எண், என்ஜிகே பிளக்கில் கூடக்கூடக் குளிர்ந்த ரகத்தைக் குறிக்கும். பாஷிலும் சாம்பியனிலும் கூடக்கூடச் சூடான ரகத்தைக் குறிக்கும். ஒரு கம்பெனியின் எண்ணை வைத்து மற்றொன்றை ஊகிக்கிறவன் தலைகீழாகப் போய் நிற்பான். பீங்கான் நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் படிகிற கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850 டிகிரியைத் தாண்டினால் பொறிக்குக் காத்திராமல் அந்தச் சூடே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். இந்த இரண்டு எல்லைக்குள் அதை நிறுத்திவைப்பதற்கே அத்தனை ரகங்கள்.

வாங்கிவந்ததை அப்படியே மாட்டாமல் ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைப் பார். உன் கார்பரேட்டர் எஞ்சினுக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் போதும். கூடுதலாக இருந்தால் வெளி மின்முனையை மட்டும் மெள்ளத் தட்டிக் குறை. நடு முனையை நெம்புகோலாக்கினால் பீங்கான் உடையும். கை தவறித் தரையில் விழுந்த பிளக்கை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், ஒதுக்கிவிடு.

மாட்டும்போது ஸ்பானரை எடுக்காதே. பழைய பெட்ரோல் ரப்பர் டியூப் ஒரு சாண் நறுக்கிப் பிளக்கின் தலையில் மாட்டி, அதைப் பிடித்துத் திருகு. மரை கோணலாக ஏறினால் டியூப் வழுக்கிக்கொள்ளுமே தவிர ஹெட்டைக் கெடுக்காது. விரலால் போகிற மட்டும் போனபின், வாஷர் உட்கார்ந்த இடத்திலிருந்து ஸ்பானரால் அரைச் சுற்று, மிஞ்சினால் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. முறுக்கு அளக்கும் ஸ்பானர் கிடைத்தால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். பலசாலி என்று காட்டிக்கொள்ளும் இடமல்ல இது. அதற்காகத் தளர்வாகவும் விட்டுவிடாதே, பிளக்கின் சூடு அந்த இருக்கையின் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்கவேண்டும். மரையில் ஆயிலோ கிரீஸோ தடவுவதும் வேண்டாம். வழுக்கலில் உன் கை அளவு தப்பும்.

பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு உதகைக்கு அந்த வண்டியிலேயே போகப்போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். அதற்கு ஒரு வாரம் முன்பாகவாவது இந்தக் காரியத்தை முடித்துவிட்டு, மூன்று பிளக்கின் நிறத்தையும் எண் வாரியாக எனக்கு எழுது. மூன்றும் பழுப்பாக இருந்தால் மலையேறத் தடையில்லை. பழையவற்றில் நல்லதாக ஒன்றையும் ஸ்பானரையும் டிக்கியில் போட்டுக்கொண்டு போ. எதிலாவது எண்ணெய்ப் பிசுக்கோ கொப்புளமோ கண்டால், புதுப் பிளக்கோடு வண்டி எவ்வளவு சுகமாக ஓடினாலும், கம்ப்ரஷன் பார்க்காமல் மேட்டுப்பாளையம் தாண்டாதே. பஸ்ஸில் போய்விட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஆசீர்வாதத்துடன்,
மாமா