பிள்ளை பிழைத்த பின்பும் வாடும் தாய்



குறைமாதத்தில் பிறந்த குழந்தை பல வாரம் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் இருந்து, சுகமாய் வீடு வந்து சேருகிறது. உறவினர் மகிழ்கிறார்கள். கோவிலில் நன்றிப் பூசை ஒப்புக்கொடுக்கிறார்கள். தாய் மாத்திரம் சிரிப்பதில்லை. இரவெல்லாம் விழித்திருந்து பிள்ளையின் மூச்சைத் தொட்டுப் பார்க்கிறாள். “பிள்ளைதான் பிழைத்துவிட்டதே, கடவுளுக்கு நன்றி சொல்லாமல் இன்னும் ஏன் அழுகிறாய்?” என்று பெரியவர்கள் கடிந்துகொள்கிறார்கள். இது நியாயமா என்று ஆராய்வோம்.

இது என்ன நோவு?

37 வாரம் நிறையுமுன் பிறப்பதே குறைப்பிரசவம். 2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள், அதாவது பத்தில் ஒன்று, இவ்வாறு பிறந்தன. இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம்.

இத்தாய்மாரில் பலருக்கு, சாவை அருகில் கண்ட பயம் மனத்தில் காயமாய்த் தங்கிவிடுகிறது. ஆஸ்பத்திரிக் காட்சிகள் கனவில் திரும்ப வரும். சிறு மணியோசைக்கும் நெஞ்சு பதறும். அந்தத் தெருப்பக்கம் போக மனம் வராது. சிலருக்குத் தன் பிள்ளை என்ற உணர்ச்சியே மரத்துப்போகும். மாதங்கள் கழித்தும் இது தோன்றலாம், தகப்பனுக்கும் வருவதுண்டு.

இது நன்றிகேடு அல்ல. விசுவாசக் குறைவும் அல்ல. தேவமாதா தன் திருக்குமாரனைக் கோவிலுக்குக் கொண்டுவந்த நாளிலேயே, அவளுடைய ஆத்துமத்தை வாள் ஊடுருவும் என்று சிமியோன் சொல்லக் கேட்டாள். பிள்ளை உயிரோடிருக்கும்போதே தாயின் உள்ளம் நோகக்கூடும்.

குற்றம் அவளுடையதா?

“என்ன பாரம் தூக்கினாய்? என்ன தின்றாய்?” என்று கேட்பது புண்ணில் வேலைப் பாய்ச்சுவதாகும். இரத்தக் கொதிப்பு, தொற்றுநோய், இரட்டைக் கர்ப்பம் ஆகியவை குறைப்பிரசவத்துக்குக் காரணமாகலாம். பலமுறை வைத்தியருக்கே காரணம் புலப்படுவதில்லை. “ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது” என்ற பேச்சும் தவறு. வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலமே.

பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டார்கள். அவன் பாவமும் அல்ல, பெற்றோர் பாவமும் அல்ல என்றார் சேசுநாதர். அவர் சுமத்தாத பழியை நாம் சுமத்தலாமா?

நாம் செய்யவேண்டியது

முதலாவது: வைத்தியர் அனுமதித்தால், குழந்தையைத் தாய் தன் வெறும் மார்போடு அணைத்து வைத்திருக்கட்டும். 1978-இல் கொலம்பியா நாட்டுப் போகோட்டா நகரில் தொடங்கிய இம்முறை பிள்ளைக்குச் சூடும், தாய்க்கு ஆறுதலும் தரும். தீட்டு என்று தடுக்காதீர்கள்.

இரண்டாவது: அவள் பேசும்போது குறுக்கிடாமல் கேளுங்கள். சமையலையும் மூத்த பிள்ளைகளையும் நீங்கள் கவனித்துக்கொண்டு, அவளைத் தூங்க விடுங்கள்.

மூன்றாவது: இரண்டு வாரத்துக்கு மேல் துயரம் நீடித்தால் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். இதற்குச் சிகிச்சை உண்டு. பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மருந்துகளும் உண்டு. தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்துகொள்வதாகப் பேசினால், ஒரு நிமிடமும் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அரசாங்கத்தின் மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாய்ப் பேசலாம்.

நான்காவது: குழந்தைக்கு மரண ஆபத்து இருந்தால் தாமதமின்றி ஞானஸ்நானம் கொடுக்கவேண்டும். குருவானவர் வர இயலாவிடில் யாரும் கொடுக்கலாம். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளைத் திருச்சபை சர்வேசுரனுடைய இரக்கத்தில் ஒப்படைக்கிறது. ஆதலால் அத்தகைய தாயைப் பயமுறுத்தலாகாது. கைக்குழந்தையைப் பராமரிக்கிறவள் அதன் நிமித்தம் ஞாயிறு பூசைக்கு வர இயலாவிட்டால், அது பாவமல்ல என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள்.

இவ்வார நற்பிரதிக்கினை

நம் பங்கில் இப்படிப்பட்ட வீடு ஒன்று இருந்தால், சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு போய்வாருங்கள். பிள்ளை எத்தனை கிலோ என்று விசாரிக்குமுன், “நீ எப்படி இருக்கிறாய், மகளே?” என்று கேளுங்கள். அவள் அழுதால் அழட்டும், அருகில் உட்கார்ந்திருங்கள்.