இளம் ஆட்டக்காரனும் பெருங்கழகங்களும்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் நாட்டார் வழங்கும் முதுமொழி. இதனை மறுப்பார் இலர். ஆயினும், முளையைக் கண்டு மகிழ்ந்தவர், அதனை எப்பொழுது பெயர்ப்பது, எவ்வயலில் நடுவது என்பனவற்றையும் எண்ணுதல் வேண்டும். நாற்றங்காலிற் செழித்த நாற்று பருவத்துக்கு முன் பறிக்கப்படின் வாடும். பருவம் கடந்து அங்கேயே நிற்பின் முற்றிப் பயனற்றுப்போம். உழவர் யாவரும் அறிந்த இவ்வுண்மை இளைஞர்க்கும் பொருந்துமோ என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்குச் சான்றாக, பதினைந்து வயதிலேயே ஐரோப்பாவின் பெருங்கழகங்கள் பலவும் நாடிய ஒரு காற்பந்தாட்டக்காரனுடைய வரலாற்றை எடுத்துக்கொள்வோம்.

அவன் பெயர் மார்ட்டின் ஓடகார்ட். நார்வே நாட்டின் தலைநகராகிய ஆஸ்லோவுக்குத் தென்மேற்கே ஆற்றங்கரையில் அமைந்த டிராமன் என்னும் நகரில், 1998 டிசம்பர் 17-ஆம் நாள் பிறந்தவன். தந்தையார் ஹான்ஸ் எரிக் ஓடகார்ட் காற்பந்தாட்டத்தையே தொழிலாகக் கொண்டு, அந்நகரின் ஸ்ட்ரொம்ஸ்கொட்செத் கழகத்தில் ஆடியவர். மகன் முதலிற் பயின்றது டிராமன் ஸ்ட்ராங் என்னும் சிறு கழகத்தில். ஆண்டுப் பயிற்றுநருள் தந்தையாரும் ஒருவர். பின்னர் 2009-இல் அவனும் ஸ்ட்ரொம்ஸ்கொட்செத்தின் இளையோர் பிரிவிற் சேர்ந்தான்.

நார்வே நாட்டார் சிறுவர் விளையாட்டைப் பற்றி விதித்துள்ள ஒழுங்கு ஈண்டு அறியத்தக்கது. பதினொரு வயதை எட்டும் ஆண்டுக்கு முன் ஆட்ட முடிவுகளையும் தரவரிசையையும் வெளியிடலாகாது. பதின்மூன்று வயதை எட்டும் ஆண்டுக்கு முன் நாடளாவிய வெற்றிப் போட்டிகளிற் சிறுவரை இறக்கலாகாது. வெற்றி தோல்வியின் சுமை ஏறுமுன் விளையாட்டின் இன்பம் உள்ளத்திற் பதியவேண்டும் என்பதே அவர்தம் கருத்து. இவ்வாறு அமைந்த நாற்றங்காலில் வளர்ந்தவனே நம் இளைஞன்.

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவை வினைமேற் செல்லும் அரசனுக்குக் கூறியனவாயினும், வாழ்வில் ஓர் அடி எடுத்துவைக்கும் எவர்க்கும் அளவுகோலாவன. இவ்விளைஞன் வரலாற்றையும் அம்முறையே வைத்து நோக்குவோம்.

முதலாவது, வலி. 2014 ஏப்ரல் 13-ஆம் நாள், அவன் தன் கழகத்தின் முதலணியிற் களம் இறங்கினான். அப்பொழுது அவனுக்கு வயது பதினைந்தும் நான்கு திங்களுமே. நாட்டின் முதற்பிரிவில் அதுவரை அத்துணை இளையோன் ஆடியதில்லை. அடுத்த திங்களிற் சார்ப்ஸ்போர்க் அணிக்கு எதிராகத் தன் முதற் கோலை அடித்தான். ஆகஸ்ட் 27-ஆம் நாள் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு எதிராக நார்வே நாட்டணியில் ஆடினான். அக்டோபர் 13-ஆம் நாள் பல்கேரியாவுக்கு எதிரான ஆட்டத்தில் இறங்கியபொழுது, ஐரோப்பியக் கோப்பைத் தகுதிப் போட்டிகளில் ஆடியோர் யாவரினும் இளையோன் என்னும் பெயர் பெற்றான். ஆறே திங்களில் நிகழ்ந்தவை இவை! அவனது வலி உடல்வலியன்று. மெல்லிய உடலினன்; ஓட்டத்தில் அவனை வெல்வார் பலர். பந்து காலை அடையுமுன்னரே தோழர் யார் எங்கே செல்வார் என்பதை நோக்கி அறிதலும், இடக்காலால் அவ்விடத்துக்கே பந்தைச் செலுத்துதலுமே அவனது திறம். இத்தகைய திறம் ஆடி ஆடியே முதிர்வது, பார்த்துக்கொண்டிருந்து முதிர்வதன்று. இதனை வாசகர் நினைவில் இருத்துக, பின்னர் வேண்டப்படும்.

இரண்டாவது, காலம். புகழ் பரவவே, ஜெர்மனியின் பயர்ன் மூனிக், இங்கிலாந்தின் ஆர்சனல், லிவர்பூல், ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் முதலிய கழகங்கள் அவனை அழைத்துத் தம் பயிற்சிக் களங்களைக் காட்டின. தந்தையும் மைந்தனும் ஒவ்வொன்றாகச் சென்று கண்டனர். எனினும் உடனே ஒப்பந்தம் செய்ய இயலாது. என்னை? பதினெட்டு வயது நிரம்பாதவரை வேற்று நாட்டுக் கழகத்துக்கு மாற்றலாகாது என்பது உலகக் காற்பந்தாட்டச் சம்மேளனமாகிய ஃபிஃபாவின் விதி. இதற்கு விலக்குகள் சிலவே. பெற்றோர் விளையாட்டோடு தொடர்பில்லாத காரணத்தாற் குடிபெயர்தல் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியமும் அதனோடு இணைந்த பொருளாதார வட்டமும் ஆகிய எல்லைக்குள், பதினாறு வயது நிரம்பியவர் மாறுதல் மற்றொன்று; அவ்வாறு சேர்க்குங் கழகம் பயிற்சியோடு கல்வியும் தக்க உறையுளும் அளித்தல் வேண்டும். நார்வே ஒன்றியத்திற் சேரவில்லையாயினும் அவ்வட்டத்துக்கு உட்பட்ட நாடு. ஆகவே, 2014 டிசம்பர் 17-ஆம் நாள் பதினாறு நிரம்பியது. 2015 ஜனவரி 22-ஆம் நாள் ரியல் மாட்ரிட் அவனைப் பெற்றது.

இவ்விதி வீணே அமைந்ததன்று. ஏழை நாட்டுச் சிறுவர் பலர் பெருங்கழகத்தின் பெயரால் மயக்கப்பட்டு, அயல்நாட்டிற் கொண்டுவந்து விடப்பட்டு, திறம் போதாதெனக் கண்டதும் கல்வியும் காவலுமின்றிக் கைவிடப்பட்டனர். அத்தீமையைத் தடுக்கவே 2001-இல் இவ்விதி வகுக்கப்பட்டது. பெரியோரும் இதற்கு விலக்கல்லர். சிறார் சேர்க்கையில் விதியை மீறியமைக்காக, பார்சலோனாக் கழகம் 2015-ஆம் ஆண்டு முழுவதும் புதிய ஆட்டக்காரரைப் பதிவு செய்யாதபடி தடுக்கப்பட்டது. ரியல் மாட்ரிட்டும் 2016-இல் இக்குற்றத்துக்காகவே தண்டனை பெற்றது.

மூன்றாவதாகிய இடமே இவ்வரலாற்றின் உயிர்நிலை. 2015 மே 23-ஆம் நாள், கெட்டாஃபே அணிக்கு எதிரான ஆட்டத்தில், கிறிஸ்டியானோ ரொனால்டோவுக்கு மாற்றாக அவன் களம் புகுந்தான். ரியல் மாட்ரிட்டின் முதலணியில் ஆடியவருள் அவனினும் இளையோன் அதுகாறும் இல்லை. உலகம் வியந்தது. ஆயினும் அதன்பின் நிகழ்ந்தது யாது? முதலணியோடு பயிற்சி, இரண்டாம் அணியோடு ஆட்டம், இரண்டிலும் முழுமையாகச் சேராத நிலை. 2015 முதல் 2021 வரை அக்கழகத்தின் முதலணிக்காக அவன் ஆடிய ஆட்டங்கள் 11 மட்டுமே. ஆடி ஆடியே முதிரவேண்டிய திறத்துக்கு இஃது எங்ஙனம் போதும்?

இந்நிலையிலேதான் போற்றத்தக்க செயல் நிகழ்ந்தது. 2017 ஜனவரியில், நெதர்லாந்தின் ஹீரன்வேன் என்னும் சிற்றூர்க் கழகத்துக்கு அவன் இரவலாகச் சென்றான். இரவலாவது, ஒப்பந்தம் தாய்க்கழகத்தோடு நிற்க, ஆட்டம் பிறிதொரு கழகத்துக்காக ஆடுதல். அங்கே ஒன்றரை ஆண்டு ஆடி, 2018-இல் அந்நாட்டிலேயே விட்டெஸ்ஸெக் கழகத்தையும், 2019-இல் ஸ்பெயினின் ரியல் சொஸியடாட் கழகத்தையும் அடைந்தான். ஒவ்வொரு படியும் முன்னையதினும் சிறிதே உயர்ந்தது. ஒவ்வொன்றிலும் வாரந்தோறும் ஆட்டம் கிடைத்தது. 2020 பிப்ரவரி 6-ஆம் நாள், அரசர் கோப்பைக் கால் இறுதியில் ரியல் சொஸியடாட் மாட்ரிட் நகரிலேயே ரியல் மாட்ரிட்டை 4-3 என வென்றது. அதில் முதற் கோல் அடித்தவன், மாட்ரிட் இரவல் கொடுத்த இவ்விளைஞனே! 2021 ஜனவரியில் ஆர்சனலுக்கு இரவலாகச் சென்றவன், அவ்வாண்டு ஆகஸ்டில் அக்கழகத்துக்கே உரியவனானான். அதற்கு முன்னரே, மார்ச்சில், நார்வே நாட்டணித் தலைமை அவனை அடைந்தது. 2022-இல், இருபத்துமூன்று வயதில், ஆர்சனலின் தலைவனாகவும் ஆக்கப்பட்டான்.

இதற்கு மாறான வரலாறும் உண்டு. கானா நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஃபிரெடி ஆடு, 2004 ஏப்ரலில், பதினான்கு வயதிலேயே வாஷிங்டன் நகரத்துக் கழகத்தின் முதலணியில் ஆடினான். புதிய பெலே என்று பத்திரிகைகள் புகழ்ந்தன, விளம்பரங்கள் சூழ்ந்தன. 2007-இல் போர்ச்சுகலின் பென்ஃபிகாக் கழகம் அவனைப் பெற்றது. அவனும் இரவலாகச் சென்றவனே. மொனாக்கோ, பெலனென்செஸ் எனக் கழகங்கள் மாறினவே அன்றிக் களம் இறங்கும் வாய்ப்பு மிகவில்லை. எதிர்பார்த்த உயரத்தை அவன் எட்டவில்லை. இக்குறை அவன் ஒருவன்மேல் ஏற்றத்தக்கதன்று. முளை ஒன்றைக் கண்டு, அறுவடையை அன்றே கேட்ட உலகமே அதற்குப் பெரிதும் பொறுப்பாளி.

இனி, வளர்த்துவிட்ட சிறு கழகத்தின் நிலை யாது என்று சிலர் வினவலாம். அதற்கும் ஒரு நியாயம் வகுக்கப்பட்டுள்ளது. ஆட்டக்காரன் ஒப்பந்தம் முடியுமுன் ஒரு நாட்டுக் கழகத்திலிருந்து மற்றொரு நாட்டுக் கழகத்துக்கு விலைக்கு மாறுந்தோறும், அவ்விலையில் நூற்றுக்கு 5 பங்கு, அவனைப் பன்னிரண்டு முதல் இருபத்துமூன்று வயது வரை பயிற்றிய கழகங்கட்குப் பகிரப்படும். மாற்றுவிலை 100 ரூபாயாயின், பயிற்றிய கழகங்கட்குரியது 5 ரூபாய். அதிற் பன்னிரண்டு முதல் பதினைந்து வரை ஆண்டொன்றுக்குக் கால் ரூபாயும், பதினாறு முதல் ஆண்டொன்றுக்கு அரை ரூபாயும் உரியனவாம். தொகை சிறிதெனினும், கோடிகளில் நிகழும் மாற்றங்களில் இக்கால் ரூபாயே ஒரு சிற்றூர்க் களத்துக்குப் புல் விரிக்கப் போதும். ஏணியை மறவாதிருத்தல் ஏறியவன் கடன் மட்டுமன்று. ஏற்றுக்கொண்டவரும் அதற்குக் கடன்பட்டவரே.

மாணவ நண்பர்காள்! பெருங்கழகம் அழைப்பது காற்பந்தாட்டக்காரரை மட்டுமன்று. பெரிய நகரங்களும், பெரிய கலாசாலைகளும், பெரிய அலுவலகங்களும் நம்மையும் அழைக்கும். அவ்வழைப்பு நம் வலிக்குச் சான்றேயன்றி, வலிக்கு உணவாகாது. அங்கே நமக்குக் களம் உண்டோ, அன்றி அமர்ந்து பார்க்கும் பலகை மட்டும் உண்டோ என்று வினவுதல் வேண்டும். பலகையே கிடைத்ததெனின், சிறிய களத்துக்கு இறங்கிச் செல்ல நாணுதல் கூடாது. மாட்ரிட்டிலிருந்து ஹீரன்வேனுக்குச் சென்றதை அந்நாளிற் பலர் வீழ்ச்சி என்றே எழுதினர். ஆர்சனலின் தலைமைக்குச் செல்லும் வழி அவ்வூரின் வழியாகவே சென்றது.