மலைச் சைக்கிளுக்கு எந்த ஷூ?

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி ஆய்வகத்திற்கு முதலாண்டு மாணவன் ஒருவன் நொண்டிக்கொண்டே வந்தான். வலது காலில், முழங்காலுக்குக் கீழே முன்புறம் நீளமாகக் கட்டு. கோத்தகிரிப் பக்கம் ஒரு மண்பாதையில் மலைச் சைக்கிளில் இறங்கியபோது பாதம் பெடலைவிட்டு நழுவியதாம். சுழன்று வந்த பெடல் எலும்பின்மேல் உழுதுவிட்டது, ஒன்பது தையல். காலில் போட்டிருந்தது விலையுயர்ந்த ஓட்டப் பயிற்சி ஷூ. "அடியில் ஆழமாகப் பள்ளம் பள்ளமாக இருக்கும் சார். பிடிப்பு அதிகம் என்றுதான் வாங்கினேன். அது ஏன் வழுக்கிற்று?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அதற்கு விடை பாதி உங்கள் உராய்வுப் பாடத்திலேயே இருக்கிறது. மீதிப் பாதிக்குப் பாடத்தைச் சற்றுத் தாண்டிப் போகவேண்டும்.

முதலில் பெடலைப் பார்ப்போம். நம் சாதாரண சைக்கிளின் பெடலில் இரண்டு ரப்பர் கட்டைகள் இருக்கும். மலைச் சைக்கிளின் தட்டைப் பெடல் அப்படியன்று. உள்ளங்கை அளவுத் தகடு. அதன் இரு முகங்களிலும் சில மில்லிமீட்டர் உயரத்திற்குச் சிறு எஃகு முளைகள் துருத்திக்கொண்டிருக்கும். வேறொரு வகைப் பெடலும் உண்டு. அதில் ஷூவின் அடியிலுள்ள உலோகக் கொக்கி பெடலோடு பூட்டிக்கொள்ளும். மலைச் சைக்கிளுக்கென இவ்வகையை ஷிமானோ நிறுவனம் 1990இல் கொண்டுவந்தது. தட்டைப் பெடலில் பூட்டு ஏதும் இல்லை. சைக்கிள் சாயும்போது காலை உடனே எடுத்துத் தரையில் ஊன்றலாம் என்பது அதன் நன்மை. ஆனால் பாதத்தைப் பெடலில் நிறுத்தும் வேலை முழுவதும் ஷூவின் தலையில்தான் விழுகிறது.

இப்போது ஒரு கணக்கு. 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவன் இரு பெடல்களையும் ஒரே மட்டத்தில் வைத்து, இருக்கையிலிருந்து எழுந்து நின்றபடி இறங்குகிறான் என்க. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொண்டால் எடை 600 நியூட்டன். ஒரு பாதத்திற்கு 300. முன்சக்கரம் கல்லில் மோதி, சைக்கிளின் வேகம் வினாடிக்கு 5 மீட்டர் வீதம் குறைகிறது. உடல் நிலைமத்தால் முன்னே போகப் பார்க்கும். கைகள் தாங்கும் பங்கை விட்டுவிட்டால், ஒவ்வொரு பாதமும் 150 நியூட்டன் விசையுடன் முன்னோக்கித் தள்ளும். நழுவாமலிருக்க வேண்டிய உராய்வுக் குணகம் 150ஐ 300ஆல் வகுத்தால் கிடைப்பது, அதாவது 0.5. உலர்ந்த ரப்பருக்கு இது பெரிய காரியமன்று. நம் மாணவனின் ஷூவே இதைத் தாங்கியிருக்கும்.

அப்படியானால் வழுக்கியது எப்படி? மலைப்பாதை மேசைப் பலகை போலச் சமமாக இல்லை என்பதை நாம் மறந்துவிட்டோம். சக்கரம் கல்லின்மேல் ஏறிப் பள்ளத்தில் விழும்போது பெடல் பாதத்தின் அடியிலிருந்து கீழே விலகுகிறது. அக்கணத்தில் செங்குத்து எதிர்விசை 300இலிருந்து 100க்கு இறங்கிவிட்டது எனக் கொள்ளுங்கள். முன்தள்ளல் அதே 150 என்றால் வேண்டிய குணகம் 1.5! எதிர்விசை சுழியாகிவிட்டாலோ எந்தக் குணகத்தாலும் பயனில்லை. சுழியை எதனால் பெருக்கினாலும் சுழியே. ஆகவே ஷூ வாங்கும்போது, "எவ்வளவு பிடிக்கும்?" என்பதற்கு முன்னால், "பாதத்தைப் பெடலைவிட்டு எழும்பாமல் வைத்திருக்குமா?" என்று கேட்கவேண்டும்.

ஓட்டப் பயிற்சி ஷூ தோற்பது இங்கேதான். அதன் சோலிலுள்ள நுரைப்பஞ்சு ஓடுபவருக்காகச் செய்யப்பட்டது. அமுக்கிய ஆற்றலில் பெரும்பகுதியை விரைவாகத் திருப்பித் தந்து காலை மேலே தூக்கிவிடும். ஓடுபவருக்கு அது வரம். பெடல்மேல் நிற்பவனுக்கோ ஒவ்வோர் அதிர்விலும் யாரோ அடியிலிருந்து தட்டிவிடுவது போல. எனவே இந்த வேலைக்கான ஷூவில் மெதுவாக மீளும் பொருளைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டு ரப்பர் பந்துகளை ஒரே உயரத்திலிருந்து போடுங்கள். நன்றாக எழும்பும் பந்து பெற்ற ஆற்றலைத் திருப்பித் தருகிறது. மந்தமாக விழுந்து கிடப்பது அதை உள்ளுக்குள்ளேயே வெப்பமாக்கிவிடுகிறது. நமக்கு வேண்டியது மந்தப் பந்தின் ரப்பர்.

இந்த மந்தம் பிடிப்புக்கும் உதவுகிறது என்பதுதான் வேடிக்கை. உராய்வு விசை எதிர்விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும், தொடுபரப்பைப் பொறுத்ததன்று என்று பிரெஞ்சு அறிஞர் அமாண்டன்ஸ் 1699இல் கூறினார். மரத்திற்கும் இரும்பிற்கும் இது பெரும்பாலும் சரி. ரப்பர் இவ்விதிக்கு அடங்காத பிள்ளை. மென்மையான ரப்பர் மேடுபள்ளங்களுக்குள் வழிந்து ஒட்டிக்கொள்கிறது. தொடுபரப்பு கூடப் பிடிப்பும் கூடும். குணகம் 1ஐத் தாண்டுவதும் உண்டு. நழுவத் தொடங்கும்போது, பெடலின் மேடுகள் ரப்பரை அமுக்கியும் விட்டும் நகர்கின்றன. மந்தமான ரப்பர் அமுங்கக் கொடுத்த ஆற்றலை முழுதாகத் திருப்பித் தராததால் நகர்வு தடைப்படுகிறது. இதை இயற்பியலில் மீட்சித் தயக்கம் என்பர்.

பாறை ஏறுபவர்கள் இத்தகைய ரப்பரை முன்பே தேடிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் சார்லஸ் கோல் என்ற பாறையேற்ற வீரர் 1985இல் ஃபைவ் டென் என்ற ஷூ நிறுவனத்தைத் தொடங்கினார். பாறையில் ஒட்ட அவர்கள் உருவாக்கிய ஸ்டெல்த் என்னும் ரப்பர் பின்னர் சைக்கிள் ஷூவுக்கும் வந்தது. 2011இல் அடிடாஸ் அந்நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. இன்று இத்தகைய ரப்பருடன் வேறு பல நிறுவனங்களும் ஷூ செய்கின்றன. பெயரைவிடப் பொருளைப் பார்த்து வாங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இனி அந்த ஆழமான பள்ளங்கள். அவை சேற்றில் நடப்பவருக்குப் பயன்படும். பெடலிலோ, பெரிய பள்ளம் இருந்தால் அவ்வளவு ரப்பர் பெடலைத் தொடவில்லை என்றுதான் பொருள். சில முளைகள் பள்ளத்திற்குள் விழுந்து எதையும் கவ்வாமல் நிற்கும். ஆழமற்ற, சீரான புள்ளிகளோ அறுகோணங்களோ உள்ள சோலில்தான் பெரும்பாலான முளைகள் ரப்பருக்குள் அழுந்திக் கவ்வும். இறங்கிச் சைக்கிளைத் தள்ளவும் வேண்டியிருப்பதால் சில ஷூக்களில் விரல்முனையிலும் குதிகாலிலும் மட்டும் பள்ளம் வைத்திருப்பார்கள். நல்ல ஏற்பாடு. மிக மென்மையான ரப்பருக்கு ஒரு குறை உண்டு: முளைகள் அதைச் சீக்கிரம் பிய்த்துவிடும். குளிரில் ரப்பர் இறுகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சோல் எவ்வளவு விறைப்பாக இருக்கவேண்டும் என்பதில் ஒரே விடை கிடையாது. தொளதொளவென்றிருந்தால் பெடலைச் சுற்றி வளைந்து பாதம் நோகும். பலகை போலிருந்தால் பெடல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நீண்ட நேரம் நின்றபடி இறங்குபவர் சற்று விறைப்பானதையும், மற்றவர்கள் நடுத்தரமானதையும் எடுக்கலாம்.

ஷூவை மட்டும் நம்பினால் போதாது. குதிகாலைத் தாழ்த்திப் பெடலைப் பின்புறம் 15 பாகை சாய்த்தால் என்ன ஆகும்? முன்னோக்கித் தள்ளும் விசையின் ஒரு பகுதி பெடலை அமுக்கும் விசையாக மாறிவிடும். முன் சொன்ன கணக்கையே செய்து பாருங்கள்: 300, 150 நியூட்டனுக்கு வேண்டிய குணகம் 0.5இலிருந்து சுமார் 0.2 ஆகக் குறையும். எதிர்விசை 100க்கு இறங்கிய அந்த ஆபத்தான கணத்தில் 1.5 என்பது சுமார் 0.9 ஆகும். எட்டாதது எட்டும் நிலைக்கு வந்துவிட்டது அன்றோ! ஆஸ்திரேலிய வீரர் சாம் ஹில் தட்டைப் பெடலோடு 2006, 2007, 2010 ஆண்டுகளில் மலையிறக்க உலகச் சாம்பியன் ஆனார். பூட்டும் பெடல் அப்போது தாராளமாகக் கிடைத்தது. அவர் அதை நாடவில்லை. இறங்கும்போது அவர் குதிகால் எங்கே இருக்கிறது என்று படங்களில் பாருங்கள்.

வீட்டிலுள்ள ஷூக்களை ஒப்பிட ஒரு சோதனை. ஒரு தகரத் தகட்டைப் பலகையில் பொருத்தி, ஷூவுக்குள் ஒரு கிலோகிராம் எடையை வைத்து அதன்மேல் நிறுத்துங்கள். பலகையின் ஒரு முனையை மெதுவாக உயர்த்துங்கள். ஷூ நழுவும் கணத்தில் முனையின் உயரத்தைக் கிடைத்தொலைவால் வகுத்தால் உராய்வுக் குணகம் கிடைக்கும். அடுத்துச் சோலின் நுரைப்பகுதியைப் பெருவிரலால் நன்றாக அமுக்கி விடுங்கள்; பள்ளம் உடனே துள்ளி மீள்கிறதா, சோம்பலாக மீள்கிறதா என்று கவனியுங்கள். நம் மாணவன் தன் பழைய ஷூவை ஆய்வகத்தில் இப்படிச் சோதித்தான். பலகைச் சோதனையில் அது ஒன்றும் மோசமில்லை. பெருவிரல் சோதனையில்தான் விஷயம் வெளிப்பட்டது.

அவன் இப்போது வைத்திருப்பது சீரான புள்ளிச் சோலுள்ள ஷூ. அதில் அவன் செய்த ஒரே மாற்றம், வலது ஷூவின் நாடா முனைகளை உள்ளே செருகி வைத்தது. சங்கிலி அந்தப் பக்கம்தானே ஓடுகிறது!