செல் சுழற்சியும் இரண்டு வைரஸ்களும்

செல் சுழற்சிப் பாடத்தில் கரும்பலகையில் வட்டம் வரைந்து ஜி1, எஸ், ஜி2, எம் எனப் பிரித்துக் காட்டுகிறோம். மாணவர்களும் வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் எஸ் நிலையால் என்ன பயன் என்று கேட்டால் பலர் தயங்குவர். ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்கள் இரண்டைக் கொண்டு இதை விளக்கலாம்.

முதலில் வகுப்பில் இந்த வினாவை எழுப்புங்கள்: "டி.என்.ஏ.வை நகலெடுக்கத் தேவையான நியூக்ளியோடைடுகளும் நொதிகளும் எஸ் நிலையில்தான் செல்லில் நிறைந்திருக்கும். நம் உடலின் பெரும்பாலான செல்கள் பிரியாமல் ஜி0 என்னும் ஓய்வு நிலையில் உள்ளன. அத்தகைய செல்லில் நுழையும் டி.என்.ஏ வைரஸ் எப்படிப் பெருகும்?" மாணவர்கள் ஊகித்துச் சொல்லட்டும்.

வழி 1: சுழற்சியை நிறுத்துதல்

உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் வைரஸ், டி.என்.ஏ பாலிமரேஸ், தைமிடின் கைனேஸ் போன்ற நொதிகளுக்கான ஜீன்களைத் தன்னிடமே வைத்திருக்கிறது. எனவே செல் எஸ் நிலைக்கு வரும்வரை அது காத்திருப்பதில்லை. செல் சுழற்சியை நிறுத்திவிட்டு, மூலப்பொருள்களைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது. முடிவில் அந்தச் செல் அழிகிறது. சில வைரஸ்கள் நரம்பு செல்களில் பதுங்குகின்றன. நரம்பு செல் பிரிவதில்லை என்பதால், பதுங்கிய வைரஸ் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்காமலே ஆயுள் முழுதும் அங்கே இருக்க முடியும்.

வழி 2: சுழற்சியை முடுக்குதல்

1964இல் பர்கிட் லிம்போமா என்னும் புற்றுநோயின் செல்களில் கண்டறியப்பட்டது எப்ஸ்டீன்-பார் வைரஸ். இது ஓய்விலிருக்கும் பி செல்லை எழுப்பி எஸ் நிலைக்குத் தள்ளுகிறது. செல் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது வைரஸின் டி.என்.ஏ.வும் ஒருமுறை நகலாகிறது. எம் நிலையில் வைரஸின் புரதம் ஒன்று அதனைக் குரோமோசோமுடன் பிணைத்துவைப்பதால், அது சேய்செல்களுக்கும் சென்றுசேர்கிறது.

இங்கே ஒரு தவறான புரிதலைத் தவிர்க்க வேண்டும். உலகில் வயதுவந்தோருள் 90 விழுக்காட்டுக்கும் மேலானோர் உடலில் இவ்வைரஸ் உள்ளது. கட்டுமீறிப் பிரியும் செல்களை டி செல்கள் அழித்துவிடுவதால், மிகச் சிலருக்கே புற்றுநோய் உண்டாகிறது.

மருந்து எப்படி வேலை செய்கிறது?

அசைக்ளோவிர் என்னும் மருந்தைச் செயல்படவைக்கும் முதல் படியை ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் வைரஸின் தைமிடின் கைனேஸ் நொதியே செய்கிறது. பிறகு அம்மருந்து வைரஸின் டி.என்.ஏ இழையில் சேர்ந்து, அது மேலும் நீளாமல் தடுக்கிறது. தொற்று இல்லாத செல்லில் இந்த நொதி இல்லாததால் அங்குப் பாதிப்பு மிகக் குறைவு. இம்மருந்து செயல்படும் விதத்தை விளக்கிய ஆய்வுக்குழுவை வழிநடத்திய ஜெர்ட்ரூட் எலியன் 1988இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மதிப்பீட்டு வினா: நரம்பு செல்லில் பதுங்கியுள்ள வைரஸை அசைக்ளோவிர் ஏன் ஒழிப்பதில்லை?

விடைக்குறிப்பு: பதுங்கிய நிலையில் வைரஸ் அந்த நொதியை உருவாக்குவதில்லை, டி.என்.ஏ.வை நகலெடுப்பதும் இல்லை. இதை ஒரு மாணவர் தாமாகவே சொன்னால், எஸ் நிலை அவருக்குப் புரிந்துவிட்டது எனக் கொள்ளலாம்.