வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ள ஃபைலை வெளியூரில் இருந்து எடுப்பது எப்படி?



வி.பி.என். என்றால் நம் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் "தடை செஞ்ச ஆப்பை ஓட்டறதுக்கு" என்றுதான் சொல்வார்கள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கோடு சேர்த்து 59 ஆப்களை மத்திய அரசு தடை செய்தது. அப்போது அண்ணன்மார் வாயில் அடிபட ஆரம்பித்த சொல் இது. ஆனால் அது பிறந்தது வேறு வேலைக்கு. விர்ச்சுவல் பிரைவேட் நெட்வொர்க் என்பதன் சுருக்கம்தான் வி.பி.என். எங்கோ தூரத்தில் இருக்கும் போனையோ கம்ப்யூட்டரையோ நம் வீட்டு வயரில் செருகியது போல ஆக்கிவிடும். அவ்வளவுதான்.

இது யாருக்குத் தேவை? நம் பக்கத்தில் அப்பாவோ அண்ணனோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் வீடுகள் உண்டு. திடீரென்று ஒரு நாள் "நாளைக்குக் காலையில ஒரிஜினல் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் காப்பி வேணும்" என்பார்கள். ஸ்கேன் செய்தது எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும். வீட்டில் அம்மா மட்டும் இருப்பார். எந்த ஃபோல்டர் என்று போனில் சொல்லிப் புரிய வைப்பதற்குள் ரீசார்ஜ் தீர்ந்துவிடும்!

முதலில் வீட்டுக்குள் நடப்பதைப் பார்ப்போம். விண்டோஸில் ஒரு ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ஷேர் கொடுத்தால், அதே மோடத்தில் இணைந்த மற்ற கம்ப்யூட்டர்கள் அதைத் திறக்கலாம். இந்தப் போக்குவரத்து 445 என்ற எண்ணுள்ள கதவு வழியாக நடக்கிறது. கம்ப்யூட்டர்காரர்கள் அதைப் போர்ட் என்பார்கள்.

"அந்தக் கதவையே இன்டர்நெட் பக்கம் திறந்து விட்டால் வேலை முடிஞ்சதே" என்று கேட்கலாம். கூடவே கூடாது. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற வைரஸ் இந்த 445 வழியாகத்தான் கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவியது. உள்ளே இருந்த ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் மாட்டின. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளில் சிகிச்சையையே தள்ளி வைத்தார்கள். நம் பக்கத்து ஆந்திராவில் போலீஸ் கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை. இதற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அப்டேட் போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

ஆகவே கதவை மூடியே வைத்து, நமக்கு மட்டும் ஒரு சுரங்கம் போட வேண்டும். ஒரு கடிதத்தை உறையில் போட்டு உள் விலாசம் எழுதுகிறோம். அந்த உறையைப் பூட்டிய இன்னொரு பெரிய உறையில் வைத்து, அதன் மேல் வீட்டு மோடத்தின் விலாசம் எழுதுகிறோம். வழியில் இருப்பவர்களுக்கு வெளி உறை மட்டும்தான் தெரியும். வீட்டில் சாவி வைத்திருக்கும் கம்ப்யூட்டர் அதைத் திறந்து, உள் உறையை ஃபோல்டருக்கு அனுப்புகிறது. ஜேம்ஸ் யோனன் என்பவர் மத்திய ஆசியாவில் பயணம் செய்துகொண்டே அலுவலகத்தோடு இணைந்து வேலை பார்த்தார். வழியில் உள்ள இணைய நிறுவனங்களை நம்பலாமா என்ற பயத்தில் அவர் எழுதியதுதான் ஓபன்விபிஎன், 2001இல் வெளிவந்தது. இன்னொன்று வயர்கார்டு. 2020 மார்ச்சில் லினக்ஸோடே சேர்ந்து வந்துவிட்டது. இரண்டும் இலவசம். 2020 ஊரடங்கில் சென்னை ஐ.டி. கம்பெனிக்காரர்கள் வீட்டில் இருந்து வேலை பார்த்ததும் இந்த மாதிரிச் சுரங்கத்தில்தான். அவர்கள் வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போனார்கள், நாம் வெளியிலிருந்து வீட்டுக்கு வருகிறோம்.

இனிமேல்தான் சிக்கல். புத்தகத்தில் படிக்கும்போது சுலபமாகத் தெரியும், செய்யும்போது நிற்கும்.

முதல் சிக்கல் கதவு எண். வீட்டுக்குள் கம்ப்யூட்டர்களின் விலாசம் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். இவை வீட்டு உபயோகத்துக்கென ஒதுக்கிய எண்கள், யாரும் வைத்துக்கொள்ளலாம். நம் வேப்பம்பட்டில் எத்தனை நகர் இருக்கிறது! ஒவ்வொரு நகரிலும் முதல் தெரு, ஒவ்வொரு முதல் தெருவிலும் 5ஆம் எண் வீடு. அதுபோலத்தான் இதுவும். வீட்டில் 192.168.1.5 என்று கம்ப்யூட்டர் இருக்கிறது. அண்ணன் ரூம் வைஃபையும் 192.168.1 வரிசையே. அவன் சுரங்கத்தைத் திறந்துவிட்டு 192.168.1.5 என்று அடித்தால், "அது இங்கேயே இருக்குதே, எதுக்குச் சுரங்கம்?" என்று அவன் லேப்டாப் அந்த ரூமுக்குள்ளேயே தேடும். வி.பி.என். இணைந்துவிட்டதாகப் பச்சை விளக்குக் காட்டும், ஃபோல்டர் மட்டும் வராது. இதற்கு வழி, வீட்டு மோடத்தின் செட்டிங்கில் போய் 192.168.73 மாதிரி யாரும் வைக்காத வரிசைக்கு மாற்றுவது. பிறகு \\192.168.73.5\சான்றிதழ் என்று முழு விலாசமாக அடிக்க வேண்டும். நெட்வொர்க் ஐகானைத் திறந்து வீட்டுக் கம்ப்யூட்டர் பெயரைத் தேடினால் கிடைக்காது. அந்தப் பெயர்கள் ஒரே அறையில் கூவிக் கூப்பிடுவது போல. கூவல் சுரங்கத்தைத் தாண்டாது. அப்படியும் வரவில்லை என்றால் விண்டோஸ் ஃபயர்வாலைப் பாருங்கள். ஃபைல் ஷேரிங்கை அது வழக்கமாக உள்ளூர் வரிசைக்கு மட்டும்தான் விடும். சுரங்கத்தில் வருபவர்களின் வரிசையையும் சேர்த்துவிட வேண்டும்.

அடுத்தது, வீட்டுக்கே வெளி விலாசம் இல்லாமல் போவது. பழைய முறையில் உலகம் முழுக்க மொத்த விலாசமே சுமார் 429 கோடிதான். 2011 பிப்ரவரியில் மையக் கிடங்கு காலி. அதனால் பல நிறுவனங்கள் ஒரே விலாசத்தைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுத் தருகின்றன. அடுக்குமாடியின் வாட்ச்மேன் மாதிரி, உள்ளிருந்து போகும் கடிதத்துக்குப் பதில் வந்தால் யாருக்கு என்று அவருக்குத் தெரியும். புதிதாக வரும் கடிதம் எந்த வீட்டுக்கு என்று தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார். மோடத்தின் பக்கத்தில் வெளி விலாசம் 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் உங்கள் வீடும் அடுக்குமாடிதான். நிறுவனத்திடம் தனி விலாசம் கேட்கலாம், அதற்குக் காசு கேட்பார்கள். டெயில்ஸ்கேல் போன்ற மென்பொருளும் உண்டு. அதில் இரண்டு பக்கமும் வெளியே போய் நடுவில் சந்தித்துக்கொள்கின்றன.

வேகத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. வீட்டில் இருந்து ஃபைல் வெளியே போவதால் அப்லோட் வேகம்தான் முக்கியம். அது 10 எம்.பி.பி.எஸ். என்றால், 700 எம்.பி. கல்யாண வீடியோவுக்கு 700 × 8 ÷ 10 = 560 வினாடி. 9 நிமிடத்துக்கு மேல். சான்றிதழ் என்றால் கண் சிமிட்டுவதற்குள் வந்துவிடும். ஆனால் கரண்ட் போனால் எல்லாமே போச்சு, மோடமும் கம்ப்யூட்டரும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, மாணவிகள் கட்டாயம் படிக்கவும். சுரங்கம் வழியை மட்டும்தான் காக்கும், இரண்டு முனைகளையும் காக்காது. என் அக்கா ஒரு பிரவுசிங் சென்டரில் மார்க் ஷீட்டைப் பிரிண்ட் எடுத்து வந்தாள். அடுத்த வாரம் நாங்கள் போனபோது அதே கம்ப்யூட்டரில், டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அது அப்படியே இருந்தது. கூடவே முன்பின் தெரியாத யாருடையவோ ஆதார்கள், ஒரு பெண்ணின் போட்டோ, போன் நம்பரோடு ஒரு பயோடேட்டா. யார் வேண்டுமானாலும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போகலாம். வி.பி.என். வழியாக எடுத்திருந்தாலும் இதே கதைதான், சாவியும் சேர்ந்து அங்கே தங்கியிருக்கும். அதனால் பொதுக் கம்ப்யூட்டரில் சாவியைப் போடவே கூடாது. சொந்த போனில் எடுத்து, கடையில் கொடுத்து, நம் கண் முன்னே அழிக்கச் சொல்லிவிட்டு வர வேண்டும். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், அது நம்முடைய சான்றிதழ். வீட்டில் ஆளுக்கு ஒரு சாவி, தனித்தனியாகப் போட்டு வையுங்கள். யார் போனாவது தொலைந்தால், வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்தச் சாவியை மட்டும் நீக்கினால் போதும், மற்றவர்களின் சாவி வழக்கம் போல வேலை செய்யும்.

– 9ஆம் வகுப்பு மாணவி