ஒன்றுக்குப் பத்து

முளா ஆற்றுக்கு இந்தப் பக்கம் வாகட். அந்தப் பக்கம் பாலேவாடி. அங்கே பெரிய விளையாட்டு அரங்கம் இருக்கிறது. எங்கள் படிப்பு மையத்திற்கு வரும் ஓர் அக்கா தினமும் அதைத் தாண்டித்தான் கட்டட வேலைக்குப் போகிறார். அவர் மகன் எட்டாவது படிக்கிறான். கால்பந்து என்றால் அவனுக்கு உயிர்.

ஒருநாள் மாலை அக்கா ஒரு தாள் கொண்டுவந்தார். இந்திய அணி ஆடிய ஆட்டங்களை மகன் அதில் எழுதியிருந்தான்.

"தம்பி, இங்கே 1–10 என்று போட்டிருக்கிறான். இதில் நம் எண் எது? ஒன்றா, பத்தா?"

நல்ல கேள்வி. எண்ணைப் படித்தால் மட்டும் போதாது. அது யாருடைய எண் என்றும் தெரிய வேண்டும். இந்தப் பாடத்தில் இந்தியாவின் எண்ணை முதலில் எழுதுகிறோம். அப்படியானால் நம் எண் ஒன்று. அக்கா சிரித்துவிட்டார். "ஐயோ, இவ்வளவு கேவலமாகவா தோற்றோம்?"

ஆம், தோற்றோம். அது 1952ஆம் ஆண்டு. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் போட்டி. எதிரே யுகோஸ்லாவியா அணி. ஊரோ குளிர். நம் வீரர்களில் பலர் காலில் பூட்ஸ் இல்லாமல் ஆடினார்கள். அப்போது நம் நாட்டில் வெறுங்காலில் ஆடுவது வழக்கம். நாம் ஒரு கோல் போட்டோம். அதை அடித்தவர் அகமது கான். அவர்கள் பத்து கோல் போட்டார்கள்.

அக்கா தாளை மடிக்கப் போனார். "இருங்கள் அக்கா, கீழே இன்னும் வரிகள் இருக்கின்றன" என்றேன். நீங்களும் படியுங்கள். ஒவ்வொரு வரியையும் இடமிருந்து வலமாகப் படியுங்கள்.

1952 – ஹெல்சிங்கி – யுகோஸ்லாவியா – 1–10
1956 – மெல்போர்ன் – ஆஸ்திரேலியா – 4–2
1956 – மெல்போர்ன் – யுகோஸ்லாவியா – 1–4
1956 – மெல்போர்ன் – பல்கேரியா – 0–3
1960 – ரோம் – ஹங்கேரி – 1–2
1960 – ரோம் – பிரான்ஸ் – 1–1
1960 – ரோம் – பெரு – 1–3
1962 – ஜகார்த்தா – தென் கொரியா – 0–2
1962 – ஜகார்த்தா – தாய்லாந்து – 4–1
1962 – ஜகார்த்தா – ஜப்பான் – 2–0
1962 – ஜகார்த்தா – தென் வியட்நாம் – 3–2
1962 – ஜகார்த்தா – தென் கொரியா – 2–1

மெல்போர்ன் வரிகளைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே நம்மவர்கள் வென்றார்கள். அந்த நான்கு கோல்களில் மூன்றை நெவில் டிசோசா என்ற ஒருவரே அடித்தார். அடுத்து அதே யுகோஸ்லாவியா வந்தது. மறுபடியும் தோல்விதான். ஆனால் முதல் கோல் நாம் போட்டது. முன்பு ஒன்பது கோல் வித்தியாசம். இப்போது எவ்வளவு? கழித்துப் பாருங்கள். அந்த ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றது.

ரோமில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஆனாலும் பிரான்ஸ் நம்மை வெல்ல முடியவில்லை. பெருவோடு நடந்த ஆட்டத்தில் நம் கோலை அடித்தவர் தமிழ்நாட்டுக்காரர், சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்திய ஆண்கள் அடித்த கடைசி கோல் அதுதான். அதன் பிறகு நம் அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை.

இனி ஜகார்த்தா. இது இந்தோனேசியாவின் தலைநகரம். 1962இல் அங்கே ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் தோல்வி. அதன் பிறகு வரிசையாக வெற்றி. செப்டம்பர் 4ஆம் தேதி இறுதி ஆட்டம். எதிரே மறுபடியும் தென் கொரியா.

அரங்கம் நிறையக் கூட்டம். அந்தக் கூட்டம் நமக்கு எதிராகக் கூச்சல் போட்டது. இஸ்ரேல், தைவான் நாடுகளைப் போட்டிக்கு அழைக்காதது தவறு என்று இந்திய அதிகாரி ஒருவர் சொல்லியிருந்தார். அந்தக் கோபம் நம் வீரர்கள் மேல் திரும்பியது. ஜர்னைல் சிங் என்ற வீரருக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. அவர் கோலைத் தடுக்கும் இடத்தில் ஆடுகிறவர். அன்று அவரைப் பயிற்சியாளர் முன்னால் ஆட விட்டார். பி.கே. பானர்ஜி ஒரு கோல் அடித்தார். ஜர்னைல் சிங் ஒரு கோல் அடித்தார். பீட்டர் தங்கராஜ் கோல்கீப்பராக நின்றார். தங்கப் பதக்கம் நமக்கு.

அந்தப் பயிற்சியாளர் பெயர் சையது அப்துல் ரஹீம். ஹைதராபாத்காரர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஹெல்சிங்கியில் பத்து கோல் வாங்கியபோதும் அவர்தான் பயிற்சியாளர். ஜகார்த்தாவிலும் அவர்தான். அப்போது அவருக்குப் புற்றுநோய். மறு ஆண்டு ஜூன் மாதம் இறந்துபோனார். எனக்கு இந்தப் பட்டியலில் மிகவும் பிடித்த ஆள் அவர்தான். அவருக்கு ஒரு கோல்கூட இதில் இல்லை.

அக்கா அன்று தாளை மடித்துப் பையில் வைத்தார். பிறகு அதே பையிலிருந்து ஹாஜரி நோட்டை எடுத்தார். அதுவரை அவர் அதில் கடைசி எண்ணை மட்டும்தான் பார்ப்பாராம். மேஸ்திரி 23 நாள் என்று போட்டிருந்தார். அன்று வரி வரியாக விரல் வைத்து எண்ணினார். 25 கோடுகள் இருந்தன. மறுநாள் காலை நோட்டோடு போய்க் கேட்டார். மேஸ்திரியும் எண்ணிப் பார்த்தார். 23ஐ அடித்துவிட்டு 25 என்று எழுதினார்.

எழுதிப் பாருங்கள்

1. பட்டியலில் இந்தியா வென்ற ஆட்டங்கள் எத்தனை?

2. சமமாக முடிந்த ஆட்டம் எது? எந்த ஊரில் நடந்தது?

3. இது அக்கா கேட்ட கேள்வி. ஜகார்த்தாவில் தென் கொரியாவோடு இரண்டு ஆட்டம். இரண்டையும் கூட்டினால் அதிக கோல் அடித்தது யார்? அப்படியும் தங்கம் நமக்கு எப்படி வந்தது?